வயித்து மேடம்

மேடத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "கொட்டை எழுத்துல போடுங்க" என்றுதான் சொல்வார். ஆனால் இந்தக் கதையில் இன்னொருவருடைய பெருங்குடலும் சம்பந்தப்பட்டிருக்கிறது. பெங்களூரில் மிகவும் மரியாதைப்பட்ட பெருங்குடல் அது. அதன் சொந்தக்காரருக்குப் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். எனவே யார் பெயரும் வேண்டாம்.

நான் அப்போது காக்ஸ் டவுனில் ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சுத்தபத்தமான ஆள் நான். கையைத் துடைத்த கைக்குட்டையால் முகத்தைத் துடைக்க மாட்டேன். மனிதர்களின் உள்ளேயெல்லாம் பார்க்கிற உத்தியோகம்தான் என்றாலும், நான் பார்த்ததெல்லாம் கறுப்பு வெள்ளையில், வாசனை இல்லாமல். அதனால்தான் அந்த வேலைக்கே போனேன் என்று என் மனைவி சொல்வாள்.

ஒரு நாள் காலை மொபெட்டை வாசலில் சாய்த்துவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓர் அம்மா உள்ளே வந்தார். நாற்பது வயதிருக்கும். கறுப்பு, குட்டை, கணீரென்ற குரல். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எக்ஸ்ரே எடுக்கிறவர் நீங்கதானா? முகமே சரியில்லையே அண்ணா. காலையில ஆச்சா?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது காது சூடாகிவிட்டது. ரிசப்ஷனில் இருந்த பெண் பதிவேட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். நான் விறைப்பாக, "நீங்க எந்த டாக்டரைப் பாக்கணும்?" என்று கேட்டேன்.

"டாக்டர் வேணாம், மெஷின்தான் வேணும். நான் ஃபார்மஸி காலேஜ்ல லெக்சரர்" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டு, அந்தப் பெண்ணையும் கேட்டார். "உனக்கு எப்படிம்மா? தண்ணி குடிக்கிறியா?"

இதுதான் மேடம். மற்றவர்கள் 'சௌக்கியமா' என்று கேட்கிற இடத்தில் அவர் வயிற்றைக் கேட்பார். பஸ் கண்டக்டரைக் கேட்பார். பூக்காரியைக் கேட்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ வேலையாக என்னைத் தேடி எங்கள் மாதா கோயில் வாசலுக்கு வந்தவர், பூசை முடிந்து வெளியே வந்த பங்குச்சாமியாரிடமே, "ஃபாதர், வயிறு உப்பிக்கிட்டு இருக்கா?" என்று கேட்டுவிட்டார். நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். எட்டிப் பார்த்தால் சாமியார் அவரைத் தனியாக அழைத்துக்கொண்டு போய், குரலைத் தாழ்த்திக் கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அதன் பிறகு எப்போது என்னைப் பார்த்தாலும், "அந்த வயித்து மேடம் நல்லா இருக்காங்களா?" என்று பிரியமாக விசாரிப்பார். எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவருக்கும் அது தெரியும். தெரிந்து பெருமைப்பட்டுக்கொண்டார்.

அவர் எங்களிடம் வந்த காரணம் வேடிக்கையானது. ஒரு மாத்திரை மனித வயிற்றுக்குள் எங்கே போகிறது, எங்கே உடைகிறது என்று எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டும். அதுதான் அவருடைய பி.எச்டி.

"என்ன மாத்திரை?" என்று கேட்டேன்.

தோள்பையைத் திறந்தார். டிபன் டப்பா, குடை, ஒரு கட்டுக் காகிதம் எல்லாவற்றையும் தாண்டிக் கையை விட்டு ஒரு கொத்தவரங்காயை எடுத்து என் மேஜை மேல் வைத்தார்.

"இது."

கொத்தவரை விதையை அரைத்தால் ஒரு பிசின் மாவு வருமாம். அதை மாத்திரைக்கு மேலே கெட்டியாகப் போர்த்துவிட்டால், நம்முடைய இரைப்பை அதை ஒன்றும் செய்ய முடியாது. சிறுகுடலும் செய்ய முடியாது. மனித உடம்பிடம் அந்தப் பிசினை அறுக்கிற கத்தியே கிடையாது. ஆனால் பெருங்குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவற்றிடம் இருக்கிறது. மாத்திரை அங்கே போய்ச் சேர்ந்ததும் அவை பிசினைத் தின்றுவிடும். மருந்து வெளியே வரும்.

"பூட்டு நம்முது, சாவி அவங்ககிட்ட" என்றார் மேடம். "நம்ம பேர்ல பட்டா இருக்கிற வீடு. ஆனா உள்ள குடித்தனம் பண்றது அவங்க. அவங்க கதவத் திறந்தாத்தான் மருந்து எறங்கும்."

"சாதாரண மாத்திரை போகாதா?"

"போகும். வழியிலேயே கரைஞ்சு ரத்தத்துல கலந்து, புண்ணு இருக்கிற எடத்துக்கு வர்றப்போ வெறுங்கையா வரும். அண்ணா, நீங்க பெருங்குடல் புண்ணுக்காரங்களுக்கு பேரியம் ஏத்திப் படம் எடுக்கிறீங்களே, அவங்க முகத்தப் பாத்திருக்கீங்களா?"

நான் பார்த்ததில்லை. குடலைத்தான் பார்த்திருக்கிறேன். அந்த வாரம் ஒரு தையற்காரர் வந்தார், முப்பது வயதுக்காரர். பல மாதமாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டதில் முகம் பூசணிக்காயாக ஊதியிருந்தது. கடையில் மெஷினை விட்டு நாளைக்குப் பத்துத் தடவை எழுந்து ஓடுகிறவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று கேட்டார். அன்று சாயங்காலமே நான் டாக்டரிடம் பேசி மேடத்துக்கு மெஷினை உபயோகிக்க அனுமதி வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு தடவை அவருடைய கல்லூரிக்குப் போனேன். போயிருக்கக் கூடாது. மாடியில் கடைசி அறை அவருடையது. கதவைத் திறந்ததும் வந்த வாசனையை எழுதினால் நீங்கள் இந்தப் பக்கத்தை மூடிவிடுவீர்கள். கூண்டுகளில் வெள்ளை எலிகள். வெந்நீர்த் தொட்டியில் கண்ணாடிக் குடுவைகள், அவற்றில் எலிக் குடலிலிருந்து எடுத்த பழுப்புக் குழம்பு. அதற்குள் ஒரு மாத்திரை தொங்கிக்கொண்டிருந்தது. சிலிண்டரிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வழியாகக் கரியமில வாயு கொப்புளம் விட்டுக்கொண்டிருந்தது. காற்றுப் பட்டால் அந்த பாக்டீரியாக்கள் செத்துவிடுமாம்.

"நமக்குக் காத்து இல்லேன்னா மூச்சு முட்டும். அவங்களுக்குக் காத்து பட்டா முட்டும்" என்று சொல்லி, குடுவைக்கு மேலே குனிந்து பார்த்தார். மூக்கைச் சுளிக்கவில்லை. மருமகள் வைத்த சாம்பாரை மாமியார் எட்டிப் பார்ப்பாளே, அந்தக் கூர்மையோடு பார்த்தார். நான் கைக்குட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு கீழே ஓடிவந்துவிட்டேன். மேடம் சிரித்த சிரிப்பு மாடிப்படி முடிகிறவரை என் பின்னாலேயே வந்தது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவரை வெறும் தமாஷ் பேர்வழி என்று நினைத்துவிடுவீர்கள்.

மேடம் ஸ்ரீராம்புரத்துப் பெண். அவருடைய அப்பா கார்ப்பரேஷனில் சாக்கடைக்குழிகளில் இறங்கி வேலை செய்தவர். ஓய்வு பெற்று மகளோடு அங்கேயே இருந்தார். ஒரு நாள் மேடத்தின் கல்லூரி ஆசிரியர் அறையில் நான் உட்கார்ந்திருந்தபோது, ஒரு விரிவுரையாளர் டீ குடித்துக்கொண்டே, "மேடத்துக்கு இந்த சப்ஜெக்ட் ரத்தத்துலயே இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். இரண்டு பேர் கூடச் சிரித்தார்கள். என்ன சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது.

மேடம் டீயைக் கீழே வைத்தார்.

"ஆமா சார். எங்கப்பா டிரெயினேஜ்ல எறங்கினவருதான். இந்த ஊர்ல காலையில எல்லாரும் ஒரு கதவ மூடிக்கிறாங்க. அதுக்கப்புறம் என்ன ஆவுதுன்னு கவலைப்பட்டது எங்கப்பா. அதுக்கு முன்னாடி உள்ள என்ன ஆவுதுன்னு கவலைப்படறது நான். நடுவுல நீங்கல்லாம் நிம்மதியா உக்காந்து எழுந்திருக்கிறீங்க." பிறகு அவருடைய முகத்தை உற்றுப் பார்த்து, "உங்களுக்கு மூணு நாளா ஆகலை போலிருக்கே. ரெண்டு பழம் சாப்பிடுங்க" என்றார்.

அறை முழுக்கச் சிரித்தது. இந்தத் தடவை வேறு மாதிரிச் சிரிப்பு. எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் வெளியே வந்தபோது, மேடம் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து ரொம்ப நேரம் கழுவினார். என்னைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டு, "வாங்க அண்ணா, போலாம்" என்றார். அன்றைக்கு வழியில் அவர் யாருடைய வயிற்றையும் விசாரிக்கவில்லை.

அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் வேறு ரகம். மைசூர் மகாராஜா காலத்தில் அரசாங்க உத்தியோகத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். வெள்ளை வெளேரென்ற சட்டை, நெற்றியில் மெல்லிய கோடு, பேச்சில் பாதி கன்னடம். நியாயஸ்தர். ஆனால் இடுப்புக்குக் கீழே மனிதனுக்கு ஏதாவது இருக்கிறது என்பதையே ஒப்புக்கொள்ளாதவர். மாணவியின் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசும்போது பெருங்குடல் என்று சொல்ல மாட்டார். "அந்த ஜாகா" என்பார். மாத்திரை அந்த ஜாகாவுக்குப் போய்ச் சேருமா என்பார்.

அந்த வருஷம் பெங்களூரில் எல்லோருக்கும் கம்ப்யூட்டர் பைத்தியம். கல்லூரி நிர்வாகமும் கம்ப்யூட்டர் வாங்கப்போகிறது. வைக்க இடம் வேண்டும். மாடியில் கடைசி அறைதான் அவர்கள் கண்ணில் பட்டது. எலிகளையும் குடுவைகளையும் அப்புறப்படுத்திவிட்டு அறைக்கு ஏசி போடுவதாகப் பேச்சு. அறை போனால் மேடத்தின் ஆராய்ச்சி போயிற்று. வருஷக்கணக்காகப் பாடம் நடத்திக்கொண்டே, விடுமுறையெல்லாம் எலியோடு இருந்து சேர்த்த வேலை அது. வேறு எந்தக் கல்லூரி அந்த வாசனைக்கு இடம் கொடுக்கும்?

பேராசிரியர் நிர்வாகத்திடம் போய் அந்தப் பருவம் முடிகிறவரை அவகாசம் வாங்கினார். மேடத்திடம் வந்து சொன்னார்: "எலி சரிம்மா. மனுஷ வயித்துல அது திறக்கிறதுன்னு ஒரு எக்ஸ்ரே காட்டு. நான் போய் ரூமுக்குச் சண்டை போடறேன். இல்லேன்னா எனக்கும் வாய் இல்லை."

மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கக் கல்லூரிக் குழுவின் அனுமதி வந்தது. விழுங்குவதற்கு மாணவர்கள் தயாராக இருந்தார்கள். மருந்து கிடையாது, படத்தில் தெரிவதற்காக உள்ளே பேரியம் மட்டும். கெடுதல் ஒன்றும் இல்லாதது. ஆனாலும் பேராசிரியர் கையை உயர்த்தினார்.

"நான் முழுங்காத மாத்திரையை ஸ்டூடண்ட்ஸுக்குக் குடுக்க மாட்டேன். முதல் ஆள் நான்."

அவரை எனக்கு அன்றைக்குத்தான் பிடித்தது.

விழுங்கப்போகும் மாணவர்களை மேடம் உட்காரவைத்துக் குடைந்த குடைச்சல் எனக்குத் தெரியும். என்ன சாப்பிட்டாய், எத்தனை தடவை போனாய், தண்ணியாகவா, கட்டியாகவா, போன மாதம் என்ன மாத்திரை போட்டாய் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கேட்டார். பேராசிரியர் வந்தபோது மட்டும், "வாங்க சார், டம்ளர்ல தண்ணி வச்சிருக்கேன்" என்றார். அவ்வளவுதான்.

காலையில் வெறும் வயிற்றில் விழுங்கினார். முதல் படத்தில் இரைப்பையில் வெள்ளையாக ஒரு வட்டம். மதியம் சிறுகுடலில் அதே வட்டம், சிதையாமல். மேடம் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். "பாத்தீங்களா, வழியில எவனும் தொடல." சாயங்காலம் வலது பக்கம் கீழே, பெருங்குடலின் வாசலில் வட்டம் வந்து நின்றது. "இனிமே அவங்க பாத்துப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை படம் எடுத்தேன். பெருங்குடல் முழுக்கச் சுற்றி, இடது பக்கம் இறக்கத்துக்கு வந்திருந்தது மாத்திரை. அதே வட்டம். ஓரம்கூட மழுங்கவில்லை. காசு மாதிரி இருந்தது.

ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டினேன். மேடம் பார்த்தார். கிட்டப்போய்ப் பார்த்தார். முந்தின நாள் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்.

பேராசிரியர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அவருக்கும் வருத்தம்தான். "போகட்டும்மா. நீ எஷ்டு கஷ்டப்பட்டேன்னு எனக்குத் தெரியும். நான் மேனேஜ்மென்ட்கிட்ட சொல்லிடறேன். வேற சின்ன டாபிக் பாக்கலாம்."

கைப்பையை எடுத்துக்கொண்டு கதவு வரை போய்விட்டார். நான் தையற்காரரை நினைத்துக்கொண்டேன். எதற்கு நினைத்தேன் என்று தெரியவில்லை. அப்போது பின்னாலிருந்து மேடத்தின் குரல் வந்தது. வழக்கமான கணீர்க் குரல் இல்லை. தயங்கித் தயங்கி வந்தது.

"சார்... ஒண்ணு கேக்கணும். உங்களப் போயி எப்படிக் கேக்கறதுன்னு அன்னிக்குக் கேக்கல."

"கேளு."

"இந்த ரெண்டு வாரத்துல உங்களுக்கு வயிறு எப்படி இருந்துச்சு சார்?"

பேராசிரியர் என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "சென்னாகித்து. நன்னாத்தான் இருந்தது."

"சார். ஆச்சா? எப்படி ஆச்சு? தண்ணியாவா?"

"ஏனம்மா இது, இப்படி ஒரு கேள்வி..."

"சொல்லுங்க சார்." இப்போது குரல் திரும்பிவிட்டது. "உங்க ஸ்டூடண்டா கேக்கல. அந்த மாத்திரையச் செஞ்சவளா கேக்கறேன்."

பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார். காதுமடல் இரண்டும் சிவந்துவிட்டன. போன வாரத்துக்கு முந்தின வாரம் மைசூரில் ஒரு நிச்சயதார்த்தச் சாப்பாடு. திரும்பி வந்ததிலிருந்து... அவருக்கு அந்த வார்த்தை வரவில்லை. கையால் காற்றில் ஒரு வளைவு போட்டுக் காண்பித்தார்.

"பேதியா?" என்றார் மேடம்.

"ம்."

"மாத்திரை போட்டீங்களா?"

"நானே மெடிக்கல் ஷாப்ல வாங்கிப் போட்டேன். அஞ்சு நாள் ஆன்டிபயாடிக். நின்னுபோச்சு. மாத்திரை முடிஞ்சு நாலு நாள் ஆன அப்புறம்தானே இதை முழுங்கினேன்? நின்னுபோன விஷயத்தை உங்கிட்ட எதுக்கு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். ஆயுள் முழுக்க மருந்தியல் பாடம் நடத்தியவர். தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதிலேயே விழுந்துவிட்டது. வாயைத் திறந்தபடி மேடத்தைப் பார்த்தார்.

மேடம் இரண்டு கையையும் தலைக்கு மேலே கொண்டுபோய்க் கும்பிட்டார்.

"ஐயோ சார்! குடித்தனக்காரங்க எல்லாரையும் நீங்களே காலி பண்ணிட்டீங்க! ஆளே இல்லாத வீட்டுல யாரு வந்து கதவத் திறக்கிறது?" ஃபிலிமைப் பெட்டியிலிருந்து உருவி மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "இது தோத்த படம் இல்ல சார். இதுதான் சாட்சி! அவங்க இல்லேன்னா திறக்காதுன்னு உங்க வயிறே சொல்லிருச்சு!"

"ஒரு படத்தை வச்சுண்டு அப்படிச் சொல்லிட முடியாதும்மா" என்றார் பேராசிரியர். ஆனால் குரலில் வேறு ஏதோ வந்துவிட்டது. "இன்னொரு படம் வேணும். அதே வயிறு. அவாள்லாம் திரும்பி வந்ததுக்கு அப்புறம்."

பருவம் முடிய ஆறேழு வாரம் இருந்தது. அந்த வாரங்களில் பேராசிரியரின் வயிறு மேடத்தின் சொத்தாகிவிட்டது. எந்த மாத்திரையும் தொடக் கூடாது. தினமும் தயிர் சாதம், வாழைத்தண்டு, கொத்தவரங்காய்ப் பொரியல். தினமும் காலையில் பேராசிரியரின் அறை வாசலில் போய் நிற்பார். பியூன் இருப்பான், மாணவர்கள் இருப்பார்கள். "சார், ஆச்சா?" பேராசிரியர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தலையை அசைப்பார். பத்துப் பதினைந்து நாளில் அக்கம் பக்கம் பார்ப்பது நின்றுவிட்டதாம். ஒரு நாள் அவரே மேடத்தின் வகுப்பறைக் கதவைத் திறந்து, பாடத்துக்கு நடுவில், "ஆயித்தும்மா" என்று சொல்லிவிட்டுப் போனாராம். இதை மேடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் பயமும் இருந்தது. அதையும் மறைக்க மாட்டார். "திரும்பியும் திறக்கலேன்னா அண்ணா, ரூம நானே பெருக்கிக் குடுத்துட்டு வந்துருவேன். எலிங்கள என்ன பண்றதுன்னுதான் தெரியல" என்றார் ஒரு நாள், மொபெட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு.

இரண்டாவது தடவை பேராசிரியர் விழுங்கினார். இரைப்பையில் வட்டம். சிறுகுடலில் வட்டம். சாயங்காலம் வலது பக்கம் வாசலில் வட்டம். இவ்வளவும் முன்னேயே பார்த்தது. மறுநாள் காலை அவரை மேஜையில் படுக்கவைத்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, படம் எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனேன். மேடம் கதவுக்கு வெளியே நின்றார். அவர் மூச்சு விடுவது உள்ளே இருந்த எனக்குக் கேட்டது.

சிவப்பு விளக்கில் ஃபிலிமை மருந்துத் தொட்டியில் ஆட்டினேன். முதுகெலும்பு மெல்ல வந்தது. இடுப்பெலும்பு வந்தது. மாத்திரையைத் தேடினேன். வட்டத்தைக் காணோம். எங்கே போயிற்று என்று பதறிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தால், பெருங்குடலின் வளைவு நெடுகிலும் வெள்ளையாக ஒரு தீற்றல். கோலமாவு கையிலிருந்து நழுவினால் விழுமே, அப்படி.

ஃபிலிம் காயும் வரை காத்திருக்க வேண்டும் என்பது விதி. கதவைத் திறந்து, மருந்துத் தண்ணீர் என் வெள்ளைக் கோட்டில் சொட்டச் சொட்ட வெளியே வந்தேன்.

"மேடம், திறந்துட்டாங்க!"

அவர் போட்ட கூச்சலில் மாடியிலிருந்து நர்ஸ்கள் ஓடிவந்தார்கள். யாருக்கோ பிரசவம் என்று நினைத்தார்களாம். மேடம் ஈர ஃபிலிமை வாங்கி ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கையெல்லாம் ஒழுகியது. என் வயிற்றிலும் யாரோ பால் வார்த்த மாதிரி இருந்தது. முதுகுப்பக்கம் நாடா கட்டிய ஆஸ்பத்திரி அங்கியோடு பேராசிரியர் மேஜையிலிருந்து இறங்கி வந்துவிட்டார். நாடா அவிழ்ந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. நான் பின்னாலேயே போய் ஒரு போர்வையைச் சுற்றிவிட்டேன். தன் பெருங்குடலை அவர் முழுசாக, ஆசையாகப் பார்த்தார்.

"என்ன அழகா இருக்கும்மா" என்றார்.

அறை தப்பியது. நிர்வாகத்திடம் பேராசிரியர் போட்ட சண்டையைப் பற்றிக் கல்லூரியில் வெகுநாள் பேசிக்கொண்டார்கள். கம்ப்யூட்டர்களைத் தரைத்தளத்தில் வைத்தார்கள். மாணவர்களும் விழுங்கினார்கள், எல்லோர் வயிற்றிலும் பெருங்குடலுக்குப் போன பிறகே திறந்தது. மேடம் ஆய்வேட்டை எழுதி முடித்துக் கொடுத்தார்.

வாய்மொழித் தேர்வு பல்கலைக்கழகத்தில், எல்லோரும் வந்து உட்காரக்கூடிய கூடத்தில். மேடம் என்னையும் கூப்பிட்டிருந்தார். நான் அவருடைய அப்பாவோடு பின் வரிசையில் உட்கார்ந்தேன். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். எல்லாம் இங்கிலீஷில் நடந்தது. நான் அவர் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

வெளியூரிலிருந்து வந்த பரிசோதகர் கறாரான மனிதர். "வேலை செய்தது பாக்டீரியாதான் என்று எப்படித் தெரியும்? ஈரத்தில் ஊறிக்கூட உடைந்திருக்கலாமே?" என்று கேட்டார். மேடம் இரண்டு ஃபிலிம்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். ஒரே மனிதர், ஒரே மாத்திரை, ஒரே ஈரம். பாக்டீரியாவை மருந்து கொன்றபோது ஒன்று, அவை திரும்பி வந்தபின் ஒன்று. பரிசோதகர் எழுந்து போய்க் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். இவ்வளவு பொருத்தமான ஆள் எங்கே கிடைத்தார் என்று கேட்டார்.

"விழுங்கினவங்க பேர நான் சொல்லக் கூடாது சார்" என்றார் மேடம்.

முன்வரிசையில் பேராசிரியர் எழுந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றிக் கோடு. கூடத்தில் அவருடைய பழைய மாணவர்கள், சக ஆசிரியர்கள், அன்றைக்கு டீ குடித்துக்கொண்டே சிரித்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள்.

"அது என் பெருங்குடல்" என்றார். "எனக்கு வயிற்றுப்போக்கு இருந்தது. வெட்கப்பட்டு மறைத்தேன். இந்தப் பெண் வெட்கப்படாமல் கேட்டாள். அதனால்தான் நாம் இன்று இங்கே உட்கார்ந்திருக்கிறோம்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு கூடமே சிரித்துக் கைதட்டியது. அப்பாவிடம் நான் அதைத் தமிழில் சொன்னேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் தேர்வுக் குழுவின் தலைவர் சம்பிரதாயப்படி, கூடத்தில் யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு யாரும் எழுந்திருப்பதில்லை. நான் அதை அப்பாவிடம் சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

"எனக்கு ஒண்ணு கேக்கணும்."

கூடம் திரும்பிப் பார்த்தது. மேடத்துக்கு முகம் வெளுத்தது. பேராசிரியர் தலைவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். தலைவர், "தமிழிலேயே கேட்கட்டும்" என்று கையைக் காட்டினார்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்த உள்ள இருக்கிறதுங்க, இருட்டுல, அந்த நாத்தத்துல நின்னு கதவத் திறந்து வுடுதுங்கன்னு சொன்னியே. மருந்து நோயாளிக்கு. பட்டம் உனக்கு. அதுங்களுக்கு இன்னா?"

பேராசிரியர் அதை வார்த்தை மாறாமல் இங்கிலீஷில் சொன்னார். கறாரான பரிசோதகர் பேனாவை வைத்துவிட்டு மேடத்தைப் பார்த்தார்.

மேடம் மேடையின் விளிம்புக்கு வந்து நின்று தமிழில் பதில் சொன்னார்.

"அந்தப் பிசின்தாம்ப்பா அவங்க சாப்பாடு. நம்ம மேல இரக்கப்பட்டு அவங்க கதவத் திறக்கல. கதவே அவங்களுக்குச் சோறு. வயிறு நெறைய சாப்ட்டுட்டுத்தான் வழி வுடறாங்க. ஒருத்தரும் பட்டினி இல்ல."

அப்பா ஒரு நிமிஷம் அதை மனதுக்குள் வைத்துப் பார்த்தார்.

"அப்ப சரி" என்று சொல்லி உட்கார்ந்தார்.

முதலில் எழுந்து நின்று கைதட்டியது அந்த வெளியூர்ப் பரிசோதகர்தான்.